பிரித்து மேய்ந்த கூரைக்கும் கணக்கில் இடம் கொடுங்கள்

பெறுநர்: ஒன்றிய நிதி அமைச்சகத்தில் வருமான வரிச் சட்டத்தை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அதை நிறைவேற்றித் தரும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்று ஆக்கியிருக்கிறீர்கள். சாதாரண மக்களுக்கும் புரிகிற மொழியில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். வீட்டு வாடகை பற்றிய பகுதியை நாலு தடவை படித்தேன். மொழி எளிதாகத்தான் இருக்கிறது. நான் தேடிப் போன விஷயம் மட்டும் அதில் இல்லை. வாடகை வீட்டுக்கு மராமத்து எவ்வளவு ஆனாலும் வாடகையில் 30 விழுக்காடுதான் வரிக் கழிவு என்று பழைய சட்டத்தில் இருந்தது, அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஆகும் செலவு எந்தக் கணக்கில் போகும் என்பதற்குப் புதிய சட்டத்திலும் பதில் இல்லை.

மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றத் தேர்வுக் குழு இந்தப் பிரிவைப் பார்க்காமல் விடவில்லை. 30 விழுக்காட்டை நகராட்சி வரி போக மீதியில்தான் கணக்கிட வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதச் சொன்னது அந்தக் குழுதான். இவ்வளவு கிட்டே வந்தவர்கள் கூரையைக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிக்காரி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா எனக்கு எழுதி வைத்தது ஒரே தெருவில் இரண்டு ஓட்டு வீடுகள். மேல வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். கீழ வீட்டை இரண்டு போர்ஷனாக வாடகைக்கு விட்டிருந்தோம். முன் போர்ஷனுக்கு 6,500, பின் போர்ஷனுக்கு 5,500. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளமாகப் போகிற பழைய வீடு. டெல்டாவில் இப்படிப்பட்ட வீட்டை வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தின் கணக்கே மழையிலிருந்துதான் தொடங்கும். ஐப்பசி பிறப்பதற்குள் ஓட்டின் மேல் கிடக்கும் சருகைத் தள்ளி, உடைந்ததை மாற்றி, முகட்டைப் பூசி வைக்க வேண்டும். எங்கள் மண் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். அதன் மேல் நிற்கும் சுவரில் ஆண்டுக்கு ஒரு புது விரிசல் வரும். இதெல்லாம் வழக்கமான செலவு, 30 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். அதைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி எங்கள் பக்கமாக மேற்கே போனது. பின் போர்ஷனில் ஒரு தையல்காரர் குடும்பம் இருந்தது. அவர் மனைவி இரண்டு பிள்ளைகளையும் பத்தாயத்துக்கும் சுவருக்கும் இடையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் கோரைப்பாயைப் பிடித்தபடி விடியும் வரை நின்றிருக்கிறார். நான் போய்ப் பார்க்கும்போது கூடத்தில் நின்றால் வானம் தெரிந்தது. தெற்குச் சரிவில் பாதி ஓடு இல்லை. மற்றது அங்கங்கே தொங்கிக்கொண்டிருந்தது. பத்தாயத்தின் மேல் மழைத் தண்ணீர் நின்றது. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், "டீச்சர், பசங்களுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். முதலில் அதைத்தான் சொன்னார்.

ஆசாரி கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. மின்சாரம் இல்லை, சாலையெல்லாம் மரம். தென்னை போனவர்கள், குடிசை போனவர்கள் எல்லோரும் திக்கற்று நின்ற நேரம். நிவாரணம் கேட்டு நான் எங்கும் போகவில்லை. குடிசை இழந்தவர்கள் நிற்கிற வரிசையில் இரண்டு வீடு வைத்திருப்பவள் போய் நிற்பது சரியில்லை என்று பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆசாரி ஏணி போட்டு ஏறி, ஓட்டைத் தாங்கும், நனைந்திருந்த கைமரம் ஒன்றில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். உளி பிடி வரைக்கும் இறங்கியது. உள்ளே கரையான் தின்று வெறும் தோல் மட்டும் நின்றிருக்கிறது. "ஓட்டை மட்டும் மாத்தினா அடுத்த மழைக்கு ஆள் மேல விழும்மா. பிரிச்சு மேஞ்சாத்தான் ஆச்சு" என்றார். சரி, பிரிக்கச் சொன்னேன்.

எழுதி வைத்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. சீமை ஓடு 3,000, ஒன்று 27 ரூபாய் வீதம் 81,000. உத்திரம் ஒன்று, கைமரம், ரீப்பர் எல்லாமாக மரம் 1,46,000. ஆசாரி கூலி 62,000. கொத்தனார், சித்தாள் கூலி 54,000. சுவர் பூச்சுக்கு சிமெண்டும் மணலும் 23,000. ஈரம் இறங்கிப்போன வயரிங்கை மாற்ற 19,000. கூட்டினால் 3,85,000 ரூபாய். என் சேமிப்பும் அம்மாவின் இரண்டு வளையலும் அதில் போயின.

இதற்கு வரிக் கணக்கில் என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். புயலுக்குப் பின் குடித்தனக்காரர்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடகை இல்லை. நான் வாங்கவும் மாட்டேன். ஆக அந்த நிதியாண்டில் வாடகை எட்டு மாதத்துக்கு 96,000. சொத்து வரி 4,000 போக 92,000. அதில் 30 விழுக்காடு 27,600. வீடு நல்லபடியாக இருந்து பன்னிரண்டு மாதமும் வாடகை வந்திருந்தால் 42,000 கழிந்திருக்கும். கூரை பறந்த ஆண்டில் 27,600.

தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கழிவை வாடகையோடு கட்டி வைத்திருக்கிறீர்கள். வீடு இடிந்தால் குடித்தனம் போகும், குடித்தனம் போனால் வாடகை போகும், வாடகை போனால் கழிவும் சேர்ந்து போகும். மராமத்து எந்த ஆண்டில் மலைபோல் வருகிறதோ அந்த ஆண்டில்தான் மராமத்துக் கழிவு சுருங்குகிறது. வருஷம் முழுக்க வீடு பூட்டிக் கிடந்து வேலை நடந்தால் கழிவு பூஜ்யம். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு விழுக்காடு சொல்லிக் கொடுத்தவள் நான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு நியாயம் தெரியவில்லை. 3,85,000 செலவழித்த ஆண்டில், மீதி 64,400 ரூபாயை எனக்கு வந்த லாபம் என்று எடுத்துக்கொண்டு, என் சம்பளத்தோடு சேர்த்து 20 விழுக்காடு வரியும் அதன் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் என 13,395 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள். கட்டினேன். ஒரு நாள் தாமதமில்லாமல் கட்டினேன்.

அப்புறம் 2024 நவம்பரில் கீழ வீட்டை விற்க வேண்டி வந்தது. அம்மாவின் வைத்தியத்துக்கு. அப்போதுதான் அடுத்த கதவும் சாத்தியிருப்பது தெரிந்தது. மூலதன ஆதாயம், அதாவது சொத்தை விற்றதில் வந்த லாபம், கணக்கிடும்போது வீட்டை மேம்படுத்த ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன். நல்ல மனிதர், முழுக்கப் பார்த்தார். "டீச்சர், புதுசா என்ன கட்டினீங்க?" என்றார். ஒன்றும் கட்டவில்லை, இருந்த கூரையைப் பிரித்து மேய்ந்தேன் என்றேன். "அப்ப இது மராமத்து. மேம்பாடுன்னு போட்டா நோட்டீஸ் வரும். மராமத்துக்குத்தான் 30 விழுக்காடு குடுத்தாச்சேன்னு கேப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. சொத்தில் புதிதாகச் சேர்க்கவோ மாற்றவோ ஆன மூலதனச் செலவுதான் மேம்பாடு என்கிறது சட்டம். வாடகை வருமானத்தில் கழிக்கத்தக்க செலவு எதுவும் அதில் சேராது என்றும் சொல்கிறது. எனக்குக் கழிந்தது 27,600. மீதி 3,57,400 ரூபாய் வாடகைக் கணக்கிலும் இல்லை, விற்ற கணக்கிலும் இல்லை. பழைய செலவை விற்கும் ஆண்டின் மதிப்புக்கு ஏற்ற அரசு அறிவிக்கும் பணவீக்கக் குறியீடு 2018-19-க்கு 280, 2024-25-க்கு 363. அந்த விகிதத்தில் ஏற்றி, அப்படி ஏற்றிக் கழிக்க விடுகிற, நான் தேர்ந்துகொண்ட 20 விழுக்காட்டு வழியில் பார்த்தால், இந்த ஒரு தொகைக்காக மட்டும் செஸ்ஸோடு சேர்த்து 96,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் வரி கட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீடு பெரியப்பா மகனுடையது. அண்ணன் 2012-இல் முன்கட்டு ஓட்டை இடித்துவிட்டு தளம் போட்டு, மாடியில் ஒரு அறையும் எடுத்தார். பிறகு வீட்டை விற்றபோது பொறியாளர் சான்றிதழோடு அந்தச் செலவு முழுவதும் மேம்பாட்டில் ஏறியது. அண்ணன் செய்தது முறையானது, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இடித்துக் கட்டியவருக்குக் கணக்கில் இடம் இருக்கிறது, இருந்ததைக் காப்பாற்றியவளுக்கு இல்லை. இது தெரிந்தபின் எங்கள் தெருவில் யார் ஓட்டு வீட்டைப் பராமரிப்பார்கள்? கீழ வீட்டை வாங்கியவர் போன தையில் இடித்தார். நான் போட்ட ஓடுகள் தெருவோரம் அடுக்கிக் கிடந்தன, ஆறு வருஷ வெயிலில் இன்னும் நிறம் மங்காமல். கைமரங்களை ஒரு டிராக்டரில் ஏற்றிப் போனார்கள்.

30 விழுக்காடு ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1961 சட்டம் மராமத்துக்கு ஆறில் ஒரு பங்கு கொடுத்தது. பிறகு அது நாலில் ஒரு பங்கு வரை உயர்ந்தது. 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தனித்தனிக் கழிவுகளைச் சேர்த்து 30 என்று ஆக்கியது. ரசீது கேட்டு வீட்டுக்காரரை அலைக்கழிக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அது நிம்மதி. அதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சென்னையில் மாதம் 30,000 வாடகை வருகிற புதிய அடுக்குமாடி வீட்டுக்கு, ஒரு ஆணி அடிக்காமலே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கழிகிறது. கடற்கரைக் காற்றும் களிமண்ணும் தின்கிற நூறு வருஷ வீட்டுக்கும் அதே விகிதம். சராசரி என்பது பலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்தாதவர் வந்து நின்றால் அவர் கணக்கைக் காட்ட ஒரு வழி வேண்டும்.

வியாபாரத்துக்கு அந்த வழியை இதே சட்டத்தில் நீங்களே வைத்திருக்கிறீர்கள். வாடகைக் கட்டடத்தில் கடை நடத்துகிறவர் மராமத்தைத் தாமே ஏற்றுக்கொண்டிருந்தால் ஆன செலவை அப்படியே கழிக்கலாம். அது நடப்பு மராமத்தைத் தாண்டி மூலதனச் செலவு என்று ஆனாலும், தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிடும். எது நடப்பு மராமத்து, எது மூலதனம் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியிருக்கிறார்கள். ஒரு சினிமா கொட்டகையை முழுக்கப் புதுப்பித்த செலவு நடப்பு மராமத்து ஆகாது என்று 1997-இல் தீர்ப்பு வந்தது. அவர்களுக்குச் சண்டை, எந்தக் கதவு என்பதில். வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு ஆன செலவைக் கழிக்கும் கதவும் இல்லை, தேய்மானமும் இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகனும் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறான். புயலில் போன ஓட்டுக்குப் பதில் அதே மாதிரி ஓடு போட்டால் அது மராமத்து, வாடகையில் முழுதும் கழியும். கூடுதலாக அறை கட்டினால் அது மேம்பாடு, விற்கும்போது கழியும். ஏதாவது ஒரு பக்கம் செலவு நிற்கிறது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

12 லட்சம் வரை வரியே இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், வரி கணக்கிடும் இரண்டு முறைகளில் புதிய முறையில் என் ஓய்வூதியத்துக்கும் மேல வீட்டு வாடகைக்கும் இப்போது வரி வருவதில்லை. அதற்கு நன்றி. ஆனால் அந்தத் தள்ளுபடி மூலதன ஆதாயம் மாதிரி தனி விகிதத்தில் வரி விதிக்கும் வருமானத்துக்குக் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் பெரிய வரி கட்டுவதே ஆயுளில் ஒருமுறை, வீட்டை விற்கும்போதுதான்.

ரசீது எங்கே என்றும் கேட்பீர்கள். ஓடு, சிமெண்டு, வயர் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. ஆசாரிக்கும் சித்தாளுக்கும் யார் ரசீது கொடுக்கிறார்கள்? சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கையில் எண்ணிக் கொடுத்தேன். நோட்டில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியிருக்கிறேன். மரத்தில் பாதி திருத்துறைப்பூண்டிப் பக்கம் இடித்த வீட்டில் எடுத்தது. அந்த மாதிரி மரத்துக்கு டெல்டாவில் எங்கேயும் பில் கிடைக்காது. இதுதான் எங்கள் ஊரில் வேலை நடக்கிற விதம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் வாங்கினால், பழைய முறையில் கணக்குக் காட்டுகிறவர் கட்டவோ வாங்கவோ ஆன கடனின் வட்டியில் 2,00,000 வரை கழிக்கலாம். அதே வீட்டை மராமத்துப் பார்க்கக் கடன் வாங்கினால் 30,000 மட்டும். ஏன் என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை.

மராமத்து என்றால் என்ன என்று டெல்டாவுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமுன் ஆண்டுதோறும் அரசு செலவு செய்து வாய்க்கால் தூர்வாருகிறது. அதனால் காவிரியில் புதிதாக எதுவும் கூடுவதில்லை. ஆனாலும் தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. அந்தச் செலவை வீண் என்று எந்த அரசும் எழுதியதில்லை.

என் கோரிக்கைகள் இவை. புயல், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவிக்கும் வட்டங்களில், வாடகை வீட்டுக்கு 30 விழுக்காடு அல்லது உண்மையில் ஆன மராமத்துச் செலவு, இரண்டில் எது அதிகமோ அதைக் கழிக்க விடுங்கள். அந்த ஆண்டு வாடகையில் அடங்காத மீதியை அடுத்த எட்டு ஆண்டு வாடகையில் கழிக்க வழி செய்யுங்கள். பழைய முறை, புதிய முறை இரண்டிலும் இது இருக்க வேண்டும்.

அது உடனே முடியாது என்றால், கூரை, உத்திரம், சுவர், அடித்தளம் என்று வீட்டைத் தாங்கி நிறுத்தும் வேலைக்கு ஆன செலவில், 30 விழுக்காட்டைத் தாண்டிய பகுதியையாவது விற்கும்போது மேம்பாட்டுச் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள். எது மராமத்து, எது மேம்பாடு என்று உதாரணங்களோடு ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள். அந்த உதாரணங்களில் ஓடு பிரித்து மேய்வதும், உளுத்த கைமரம் மாற்றுவதும், வயரிங் மாற்றுவதும் இருக்கட்டும். ஆடிட்டர்கள் பயந்துபோய்க் கணக்கில் சேர்க்காமல் விடுகிற செலவில் பாதிக்கு அதில் வழி பிறக்கும்.

கூலிக்கு, வேலையாளின் கையெழுத்தோ கைநாட்டோ உள்ள நோட்டையும், தேதியிட்ட புகைப்படத்தையும், பதிவுபெற்ற பொறியாளரின் சான்றையும் ஆதாரமாக ஏற்க உத்தரவிடுங்கள். மராமத்துக் கடன் வட்டிக்கான 30,000 வரம்பை, கட்டுமானக் கடனுக்கு உள்ள 2,00,000-க்குச் சமமாக ஆக்குங்கள்.

வரும் பிப்ரவரி 1 நிதிநிலை அறிக்கைக்கான ஆலோசனைகள் முடிவதற்குள் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்றாவது எழுதுங்கள். மேல வீட்டின் வடக்குச் சரிவில் இரண்டு கைமரம் இறங்கியிருக்கிறது. ஆசாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிரித்து மேய்வதா, இடித்துத் தளம் போடுவதா என்று ஆவணிக்குள் நான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

இணைப்பு: 2018-19 வரவு செலவு நோட்டின் 14 பக்க நகல்.